ஏழு நாள் ரிப்போர்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

அத்தியாயம் 2

"அந்த டிடெக்டிவ் எவன்னு கண்டுபுடிச்சுக் குடு சார். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள் சாஜிதா.

சுகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தால் தொப்பை மேசை விளிம்பில் இடிக்கும். ஆனாலும் துப்பறிகிறவன் என்றால் நிமிர்ந்துதான் உட்கார வேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மாடியில் பதினெட்டு வருஷமாக 'சுகுமார் துப்பறியும் நிலையம்' நடக்கிறது. வெள்ளிக்கிழமையானால் கீழே மிளகாய் அரைப்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமை வருகிற கட்சிக்காரர்கள் எல்லோருமே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கதை சொல்வார்கள். யார் நிஜமாக அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு இந்த நிலையத்தில் யாருக்கும் திறமை கிடையாது.

சாஜிதா நிஜமாகத்தான் அழுதாள். அவள் புருஷன் அப்துல் ரசாக், படப்பை ரோட்டில் ஒரு டைல்ஸ் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரைக்குள் அந்தக் குடோன் வாட்ச்மேன் கன்னியப்பன் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். மறுநாளே போலீஸ் ரசாக்கை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"இன்னா சண்ட தெரியுமா சார்? ஒரு ஃபேனு. வாட்ச்மேன் ரூம் ஃபேன இவரு கயட்டிகினு போய்ட்டாருன்னு திங்கக்கெழம ரெண்டு பேரும் கத்திக்கினாங்க. ஃபேனுக்காக எவனாச்சும் கொல பண்ணுவானா? ஒம்போது நாளா உள்ள கீறாரு. சின்னவன் வாப்பா எங்கன்னு கேட்டுகினே கீறான்."

"அப்போ யார் மேல உங்களுக்கு சந்தேகம்?"

"முதலாளி மேலதான். யக்ஞநாராயணன்னு பேரு. மட்டமான டைல்ஸ நல்ல கம்பெனி டப்பால போட்டு வித்துகினு இருந்தாரு. அத்த கன்னியப்பண்ணன் பாத்துட்டாரு. வெளிய சொல்லிடுவேன்னு சொல்லிகினு இருந்தாரு. நான் போய் போலீஸ்ல சொன்னேன். அவங்க போய் கேட்டதுக்கு, அந்நேரத்துக்கு நான் வூட்ல இருந்தேன், என் பொண்டாட்டி என்மேல சந்தேகப்பட்டு ஒரு டிடெக்டிவ் வெச்சிருந்தா, அவன் எழுதின ரிப்போர்ட்டப் பாருங்கன்னு குடுத்துட்டாரு."

அந்த டிடெக்டிவ் பேரைப் போலீஸ் சொல்லவில்லையாம். "துட்டு வாங்கிகினு பொய் எழுதிக் கீறான். அவன் கையி வெளங்குமா சார்?"

சுகுமார் தொண்டையைக் கனைத்தார். "எங்க தொழில்லயும் சில கறுப்பாடுகள் உண்டும்மா. அந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு."

பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஹில்டா தலையைத் தூக்காமலே சொன்னாள். "நம்ம சங்கத்து மீட்டிங் போட்டோ இருக்கு சார். அதுல வேற கலர் ஆடு எதுன்னு காட்டுங்க பார்ப்போம்."

ஹில்டாவுக்கு நாற்பத்துநாலு வயசு. கோர்ட் வாசலில் பதினாலு வருஷம் மனு டைப் அடித்தவள். அதனால் சட்டம் முழுக்கத் தெரியும். மரியாதை மட்டும் கொஞ்சம் குறைவாகத் தெரியும். நிலையத்தின் ஒரே உதவியாளர் அவள்தான். நிலையத்தின் ஒரே வாகனமான ஸ்கூட்டியும் அவளுடையதுதான். ஆகவே நம் துப்பறியும் புலி எந்தக் கேஸுக்குப் போனாலும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் போகும்.

முடிச்சூர், மண்ணிவாக்கம் தாண்டி படப்பைப் பக்கம் போகும் வரைக்கும் சுகுமார் அந்த முகம் தெரியாத டிடெக்டிவைத் திட்டிக்கொண்டே வந்தார். சோம்பேறி என்றார். எச்சில் சோற்றுக்காரன் என்றார். "ஒரு அப்பாவி உள்ள உக்காந்திருக்கான், இவன் ஜாலியா தூங்கிட்டிருப்பான்" என்றார். ஹெல்மெட் சின்னது என்பதால் பாதி வசவு அதற்குள்ளேயே நின்றுவிட்டது.

எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். எனக்கும் அந்தப் பக்கம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் பெயர் யேசுதாசன். போனில் பேசிக்கொண்டே இவர்களை உட்காரச் சொல்லி சைகை காட்டினார். போனை வைத்ததுதான் தாமதம், சுகுமார் ஆரம்பித்துவிட்டார்.

"சார், டைல்ஸ் குடோன் கொலை விஷயமா வந்திருக்கேன். ஒரு டிடெக்டிவ் ரிப்போர்ட்டை நம்பி யக்ஞநாராயணனை விட்டுட்டீங்களாமே? அதை எழுதினவன் எப்பேர்ப்பட்டவன்னு விசாரிச்சீங்களா? நான் இந்தத் தொழில்ல பதினெட்டு வருஷம். வீட்டு வாசலைத் தாண்டாம, உக்காந்த இடத்துலயே ரிப்போர்ட் எழுதற பயலுங்க இருக்காங்க சார். அந்த மாதிரி ஒரு உதவாக்கரை எழுதினதை வெச்சு…" என்று சொல்லிக்கொண்டே தன் விசிட்டிங் கார்டைக் கெத்தாக மேசையில் வைத்தார்.

யேசுதாசன் கார்டைப் படித்தார். சுகுமாரைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் படித்தார். அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, அதிலிருந்து மூன்று தாள்களை உருவி, கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

தாளின் தலையில் ஒரு பூதக்கண்ணாடிப் படம். அதற்குக் கீழே 'சுகுமார் துப்பறியும் நிலையம், உண்மையே எங்கள் உயிர்.'

"இது உங்க லெட்டர்பேடுதானே சார்?"

சுகுமார் தாளைக் கையில் எடுத்தார். கண் தானாக வரிகளில் ஓடியது. 'திரு. பாபு, பீர்க்கன்கரணை.' பாபு! அடப்பாவி, அந்தப் பாபுதான் யக்ஞநாராயணனா? வீட்டில் கூப்பிடுகிற பேரை வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஓர் ஆளைக் கண்காணித்துவிட்டு, அவன் முழுப் பேரைக் கூடக் கேட்காத டிடெக்டிவ் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். அவருடைய கையெழுத்து மூன்றாம் பக்கத்தில் பெரிதாக, சுழித்துப் போடப்பட்டிருந்தது.

"உங்க ரிப்போர்ட்டை நீங்களே எதுக்கு சார் திட்றீங்க?" என்று யேசுதாசன் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

"சாருக்கு ரொம்ப தன்னடக்கம்" என்றாள் ஹில்டா.

யேசுதாசன் சிரித்துவிட்டார். "நூறு வயசு உங்களுக்கு. நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். பாருங்க, பொண்டாட்டி வந்து என் புருஷன் வீட்ல இருந்தார்னு சொன்னா கோர்ட்ல எவனும் மதிக்க மாட்டான். ஆனா பொண்டாட்டி சந்தேகப்பட்டு வெச்ச ஆளே சொன்னா? அது தங்கம். எந்த ஆம்பளையாவது மானத்தை விட்டுட்டு இப்படி ஒரு பொய் சொல்வானா? அதனாலதான் நாங்க அந்தப் பக்கமே போகல. நாளைக்கு காலையில பத்து மணிக்கு வந்து இந்த ரிப்போர்ட் நான் நேர்ல பார்த்து எழுதினதுன்னு ஒரு வாக்குமூலம் கொடுத்துட்டீங்கன்னா ஃபைலை மூடிடலாம். இப்பவே வேணும்னாலும் போடலாம்." பேனாவை நீட்டினார்.

சுகுமாரின் கை நீளப் பார்த்தது. பழக்கதோஷம்.

"சார் படிக்கிற கண்ணாடி எடுத்துட்டு வரல. நாளைக்கே வர்றோம்" என்று ஹில்டா அவரை முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

எதிர்ச் சாரி டீக்கடையில் இரண்டு டீ சொன்னார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னீங்க, நான் ஒட்டினேன்" என்றாள் ஹில்டா கடைசியில்.

அதுதான் நடந்தது. போன வாரம் புதன்கிழமை மத்தியானம் வைதேகி என்று ஓர் அம்மா ஆபீசுக்கு வந்தார். வீட்டுக்காரர் பாபு மேல் சந்தேகம், சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை வீட்டில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும் என்றார். புதன் முதல் ஞாயிறு வரை சுகுமார் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்து பார்த்தார். பாபு தினமும் சமர்த்தாக வீட்டில் இருந்தார். திங்கட்கிழமை ரிப்போர்ட் வாங்க வந்தபோது அந்த அம்மா, "லாயர் தொடர்ச்சியா ஏழு நாள் கேக்கறார் சார், முந்தின திங்கள் செவ்வாயையும் சேர்த்துடுங்களேன்" என்றார்.

இந்தத் தொழிலில் இது ஒரு விஷயமே இல்லை. குடும்ப கோர்ட் வக்கீல்கள் ஏழு நாள் கேட்பார்கள். கட்சிக்காரர்கள் ஐந்து நாளுக்குத்தான் பணம் கட்டுவார்கள். மீதி இரண்டு நாளை டிடெக்டிவ் ஒட்டுப்போட்டுக் கொடுப்பார். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் எல்லோரும் செய்வதுதான். ஹில்டா புதன்கிழமைப் பத்தியை நகல் எடுத்து, மேலே திங்கள் என்று ஒன்றும் செவ்வாய் என்று ஒன்றும் தேதி மாற்றி ஒட்டினாள். சுகுமார் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்தைச் சுழித்தார். நிஜச் செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் அவர் வீட்டில் பனியனோடு உட்கார்ந்து டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன, அந்த ஆளு நிஜமாவே வீட்லதான் இருந்திருந்தா?" என்றார் சுகுமார். குரலில் ஒரு நப்பாசை. "நாம எழுதினது தற்செயலா உண்மையா இருக்கலாம்ல?"

ஹில்டா போனில் ரிப்போர்ட்டைத் திறந்து படித்தாள். "'செவ்வாய், மாலை 6.40. திரு. பாபு மாடி பால்கனியில் நின்று தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.' சார், அன்னிக்குப் பேய் மழை. பெருங்களத்தூர்ல முட்டி வரைக்கும் தண்ணி. என் ஸ்கூட்டியே நின்னு போச்சு. நம்ம ஆளு அந்த மழையில குடை பிடிச்சுக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்காரு."

"அது நம்ம பொய்னு காட்டுது. அவன் கொலைகாரன்னு காட்டலையே."

"அதுக்கு வேற இருக்கு. ரிப்போர்ட் பூரா புருஷன் யோக்கியன்னு வந்திருக்கு. சந்தேகப்பட்ட பொண்டாட்டி என்ன பண்ணணும்? நிம்மதியாகணும், இல்ல நீ ஏமாந்துட்டேன்னு உங்களைத் திட்டணும். அந்தம்மா என்ன பண்ணாங்க? மூணு காப்பி கேட்டாங்க. நல்ல புருஷன்னு ஒரு சர்டிபிகேட்டுக்கு எதுக்கு சார் மூணு காப்பி?"

சுகுமார் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். அப்புறம், பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவை, அவருக்கே ஒரு விஷயம் தோன்றியது.

"ஹில்டா… ஏழு நாள் வேணும்னா, திங்கள் செவ்வாய் இன்னும் ரெண்டு நாள் பாருங்கன்னுதானே சொல்லணும்? வரப்போற நாளை விட்டுட்டு, எதுக்கு முடிஞ்சுபோன நாளைச் சேர்க்கச் சொன்னாங்க?"

ஹில்டா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "பாவாடை குட்டையா இருந்தா கீழதான் ஒட்டுப் போடுவாங்க. மேல போட மாட்டாங்க."

"அவங்களுக்கு ஏழு நாள் வேண்டாம். அந்த ஒரு செவ்வாய்தான் வேணும்." சொல்லி முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே அதை நினைத்து வெட்கமாக இருந்தது. "சரி, நான் நாளைக்கு வராமலே இருந்துட்டா? ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லு. திருப்பதி போயிட்டேன்னு சொல்லு."

"சார், நல்லா கேட்டுக்குங்க. பழைய ஐ.பி.சி.ல செக்‌ஷன் இருநூத்தி ஒண்ணு, இப்ப புதுச் சட்டத்துல இருநூத்தி முப்பத்தெட்டு. பெரிய குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சும், செஞ்சவனைக் காப்பாத்த தடயத்தை மறைச்சாலோ பொய்த் தகவல் கொடுத்தாலோ, கொலைக் கேஸுல ஏழு வருஷம் வரைக்கும் உண்டு. தெரிஞ்சும்ங்கற வார்த்தையைக் கவனிங்க. போன திங்கட்கிழமை உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க வெறும் முட்டாள். முட்டாளுக்கு சட்டத்துல செக்‌ஷன் கிடையாது. இப்ப உங்களுக்குத் தெரியும். நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டா குற்றவாளி."

"போடாம சும்மா இருந்தா?"

"ரசாக் சும்மா இருக்க முடியாது சார். அவன் உள்ள இருக்கான்."

சுகுமார் டீக்காசை எடுத்துக் கொடுத்தார். பயமாகத்தான் இருந்தது. ஐம்பத்தொரு வயசில் பேப்பரில் போட்டோ வரும், கீழே மாவு மில்லுக்கு வருகிறவர்கள் மேலே பார்த்துச் சிரிப்பார்கள், சம்பந்தி வீட்டில் தலைகாட்ட முடியாது. அதையெல்லாம் நினைத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் மனசு சொன்னது. சொன்ன மனசை அவருக்கே பிடிக்கவில்லை.

"அந்தம்மாவை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்" என்றார்.

பீர்க்கன்கரணை வீட்டில் வைதேகி கதவைத் திறந்ததும் சிரித்தாள். ஐம்பதை நெருங்குகிற, சுறுசுறுப்பான பெண்மணி. காபி கொடுத்தாள். வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கிறார் என்றாள்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும் மேடம்" என்று சுகுமார் குழைந்தார். குழைவதற்கு அவருக்கு நடிப்பு தேவைப்படவில்லை, இயல்பாகவே வந்தது. "ஒரு சின்ன சிக்கல். செவ்வாய்க்கிழமை செம மழை. நாம செடிக்குத் தண்ணி ஊத்தினார்னு எழுதிட்டோம்."

"ஐயையோ! அப்போ ஜன்னல்கிட்ட நின்னு மழையைப் பார்த்துட்டிருந்தார்னு மாத்திடுங்க. இன்னொரு காப்பி அடிச்சுக் கொடுத்துடலாம் இல்லையா?"

"தாராளமா. அப்படியே திங்கட்கிழமையையும் சரி பண்ணிடலாம். திங்கட்கிழமை சார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன பண்ணார்னு கொஞ்சம்…"

"திங்கட்கிழமையைப் பத்தி யார் சார் கேக்கப் போறா?" என்றாள் வைதேகி சட்டென்று.

 ஹில்டா காபி டம்ளரை மெதுவாக டீபாயில் வைத்தாள்.

"புருஷன் மேல சந்தேகப்படறவங்களுக்குத் திங்கட்கிழமையும் முக்கியம்தான் மேடம்" என்றார் சுகுமார். "உங்களுக்கு ஏழு நாள்ல ஒரே ஒரு நாள்தான் முக்கியமா இருக்கு."

வைதேகியின் சிரிப்பு போய்விட்டது.  பிறகு பேசியபோது குரல் தட்டையாக இருந்தது.

"ஒன்பது மணிக்கு மேலதான் வந்தார். தெப்பமா நனைஞ்சிருந்தார். அந்த வாட்ச்மேன் ஊரைக் கூட்டிடுவேன்னு மிரட்டினான், பிடிச்சுத் தள்ளினேன், டைல்ஸ் அடுக்கு மேல விழுந்துட்டான்னு சொல்லி அழுதார். சட்டையை நான்தான் துவைச்சேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கா சார். அப்பா கொலைகாரன்னா யார் வந்து கட்டிப்பா?"

"அதுக்காக ரசாக்கா மேடம்?"

"அந்தப் பையனுக்கு நல்ல வக்கீலா வெச்சுக் கொடுக்கலாம்னு இருக்கோம். வெளியில எடுத்துடலாம்." அவளே அதை நம்புகிற மாதிரி தெரியவில்லை. பிறகு நிமிர்ந்தாள். "நான் எதுவும் சொல்லல, நீங்க எதுவும் கேக்கல. போய் போலீஸ்ல சொல்லித்தான் பாருங்களேன். அங்க உங்க கையெழுத்து இருக்கு. உங்க கையெழுத்துக்கு எதிரா உங்க வாய். எதை நம்புவா?"

சுகுமார் எழுந்தார். ஒரு கேள்வி மட்டும் கேட்காமல் போக முடியவில்லை. கேட்டிருக்கவே கூடாது.

"தாம்பரத்துல நாலு டிடெக்டிவ் இருக்காங்க. என்கிட்ட ஏன் மேடம் வந்தீங்க?" அடிமனசில், பேர் கேள்விப்பட்டு வந்திருப்பாள் என்று ஓர் ஆசை. மனுஷனுக்கு ஆசை எந்த நேரத்தில் வரும் என்று சொல்லவே முடியாது.

"உங்களைப் பத்தித் தெரிஞ்சுதான் வந்தேன்" என்றாள் வைதேகி. "என் நாத்தனார் பொண்ணுக்கு மாப்பிள்ளை விசாரிச்சுக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? நாலு வருஷம் இருக்கும். 'காபி டீ கூட குடிக்காத பையன், தங்கமான குணம்'னு ரெண்டு பக்கம் எழுதினீங்க. அவனுக்கு ஓசூர்ல ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. எங்க பொண்ணு இப்போ குழந்தையோட ராஜகீழ்ப்பாக்கத்துல அம்மா வீட்ல இருக்கா. நீங்க நாற்காலியை விட்டே எழுந்திருக்காம எழுதின ரிப்போர்ட்டுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. மத்த மூணு பேர் கொஞ்சமாவது விசாரிச்சுடுவாங்களோன்னு பயமா இருந்தது சார். உங்ககிட்ட அந்தப் பயம் இல்லை."

அவருக்கு அந்த ரிப்போர்ட் ஞாபகம் இருந்தது. மாப்பிள்ளையின் கம்பெனி வாசலுக்கு ஒரு போன் போட்டார். எடுத்தவன் நல்ல பையன் சார் என்றான். அவ்வளவுதான் விசாரணை. அதை வைத்து இரண்டு பக்கம் எழுதிய தன் கற்பனையை நினைத்து அன்றைக்குச் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருந்தது. அந்த ரிப்போர்ட்டை நம்பிய பெண்ணின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. அவமானம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தார். இத்தனை நாள் அவமானம் என்று அவர் நினைத்திருந்ததெல்லாம் வெறும் வருத்தம்தான்.

வாசலில் ஹில்டா திரும்பி நின்றாள். "மேடம், பொண்டாட்டிக்கு விலக்கு இருக்குன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. இருக்கு. புருஷனை வீட்ல ஒளிச்சு வெச்சா விலக்கு. சட்டையைத் துவைக்கறதுக்கும், பொய் ரிப்போர்ட் வாங்கறதுக்கும் கிடையாது. போலீஸ் வர்றதுக்கு முன்னால நீங்களே போனா உங்க பொண்ணுங்களுக்கு அம்மாவாவது மிஞ்சுவாங்க. யோசிங்க."

வைதேகி கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்துவதற்கு முன் அவள் கண் கலங்கியிருந்ததைச் சுகுமார் பார்த்தார். இங்கே மிளகாய் மில் எதுவும் இல்லை.

ஸ்கூட்டி மறுபடியும் வந்த வழியே திரும்பியது. ஹில்டா வழியில் நிறுத்தி சாஜிதாவுக்குப் போன் போட்டு, ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாள்.

"ஹில்டா, உன் பேர் வராம எழுதிடறேன்" என்றார் சுகுமார் பின்னாலிருந்து.

"டைப் அடிச்சது நான். என் பேர் இல்லாம எழுதினா அதுவும் பொய் ரிப்போர்ட்தான். ஒழுங்கா எழுதுங்க. 'ஹில்டா ஒட்டினாள்'னு எழுதுங்க."

யேசுதாசனிடம் வெள்ளைத் தாள் கேட்டபோது அவர் சந்தோஷமாகத்தான் கொடுத்தார். முதல் நான்கு வரி படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். 'மேற்படி செவ்வாய்க்கிழமை மாலை நான் பீர்க்கன்கரணையில் இல்லை. என் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்படி நாளுக்கு நான் எழுதியது பொய். எனக்கு அந்த வேலை மறுநாள்தான் கொடுக்கப்பட்டது.' அதற்குக் கீழே அன்று சாயங்காலம் வைதேகி சொன்னது ஒரு வரி விடாமல் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சுகுமார் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதினார். இரண்டு மணி நேரம் பிடித்தது. இத்தனை கஷ்டமான வேலை என்று தெரிந்திருந்தால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்கமாட்டார்.

"யோவ், உன்னை நம்பி நாங்க குடோன் எதிர்க் கடை கேமராவைக் கூட எடுத்துப் பாக்கலய்யா!" சார் போய் யோவ் வந்துவிட்டது. யேசுதாசன் கத்திய கத்தலில் வாசலில் பாரா நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "அதுல பதிவு பதினஞ்சு நாள்தான் நிக்கும். அஞ்சு நாள் மிச்சம் இருக்கு, தெரியுமா? நீ நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருந்தா…"  ஏட்டைக் கூப்பிட்டு, உடனே அந்தக் கடைக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அப்புறம் சுகுமார் பக்கம் திரும்பினார். "உங்க ரெண்டு பேரையும் சாட்சியா போடறதா, குற்றவாளியா போடறதான்னு மேல கேட்டுத்தான் சொல்லணும். ஊரை விட்டுப் போகக் கூடாது. கூப்பிட்டா வரணும்."

"வர்றேன் சார்."

"உங்க துப்பறியும் கடையை மூடிட வேண்டியதுதான், தெரியுதா?"

"தெரியுது சார்."

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் சாஜிதா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். சுகுமாரைப் பார்த்ததும் எழுந்தாள். "கண்டுபுடிச்சியா சார்? எவன் அந்த டிடெக்டிவு?"

சுகுமார் வழியெல்லாம் ஒரு பேச்சு தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தார். மன்னிப்பில் ஆரம்பித்து, தொழிலின் சிரமங்களைத் தொட்டு, மனசாட்சியில் முடியும் ஒரு நல்ல பேச்சு. அவள் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒரு வார்த்தையும் மிஞ்சவில்லை.

"நான்தாம்மா" என்றார்.

சாஜிதா அவரையே பார்த்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம் என்று நின்றார்.

"உள்ள போய் பொய்னு எழுதிக் குடுத்தியா?"

"கொடுத்துட்டேன்."

"கையெழுத்து?"

"போட்டுட்டேன்மா. ஒவ்வொரு பக்கத்துலயும்."

"அப்போ வழிய வுடு" என்றாள் சாஜிதா. "எம்புருஷன் எப்போ வருவாருன்னு எஸ்.ஐ.ய கேக்கணும்."

சுகுமார் நகர்ந்து நின்றார்.